சொல்தாவின் பென்ஷன்

புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் ஜூலை 14-ஐ ஒட்டி மலர்வளையம் வைக்கிறார்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக எழுந்த சின்னம் அது. அதில் யாருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை. கேள்வி எழ வேண்டியது பிந்தைய போர்களைப் பற்றி. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் விடுதலை கேட்டவர்களுக்கு எதிரே நின்ற பிரெஞ்சுப் படையில் இந்த ஊர்ச் சொல்தாக்களும், அதாவது சிப்பாய்களும், இருந்தார்கள். 1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. அதே ஆண்டு அக்டோபர் 18-இல் புதுச்சேரியின் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். தனக்கு வேண்டிய விடுதலையை இன்னொரு நாட்டுக்கு மறுக்கும் வேலையில் இந்த ஊருக்கும் பங்கிருந்தது.

ஆளப்பட்ட ஊரை ஆக்கிரமித்த ஊர் என்பது அநியாயம் என்பார்கள். படையெடுத்த குற்றம் பாரிஸுடையதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் 1881 ஆணைப்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக்காரர்கள் சைகோனில் வெறும் கூலிகளாக இருக்கவில்லை. அங்கே அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. போலீஸ், சிறை, வரி அலுவலகங்களில் அதிகாரமும் இருந்தது. வியட்நாமியருக்கு அவர்கள் அரசாங்கத்தின் முகம். சைகோனிலிருந்து வந்த மனைவிகளையும் சமையலையும் பற்றி ஆசையோடு பேசும் ஊர், இந்த அதிகாரத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

வறுமைதான் படைக்கு அனுப்பியது, பிரான்ஸ் தரும் பென்ஷன் உழைத்த கூலி என்பது அடுத்த வாதம். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பிரெஞ்சுச் சட்டமே பொய்யாக்கியது. 1959 டிசம்பரில் இயற்றிய சட்டம் முன்னாள் காலனிக் குடிமக்களின் ராணுவ ஓய்வூதியத்தை உறையவைத்தது. ஒரே படையில் நின்ற செனகல்காரருக்குப் பல பத்தாண்டுகள் பழைய தொகையே கிடைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த புதுச்சேரிக்காரருக்கு முழுத்தொகை. அளந்து கொடுத்தது உழைப்பைப் பார்த்தல்ல, பாஸ்போர்ட்டைப் பார்த்து.

அன்றைய மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்றும் கேட்கலாம். அளவுகோல் அன்றே இருந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் கிரேஸியின் கீழ் சைகோனில் இறங்கிய 20-ஆம் இந்திய டிவிஷன் பிரெஞ்சு ஆட்சி திரும்ப வழிவிட்டது. இந்திய வீரர்களை அதற்குப் பயன்படுத்தியது வெட்கக்கேடு என்று நேரு வெளிப்படையாகக் கண்டித்தார்; குறை சொன்னது ஏவியவர்களை, சிப்பாயை அல்ல. புதுச்சேரியும் அப்படிப் பேசலாம். மலர்வளையம் வைக்கும்போது வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் மாண்ட எதிர்த்தரப்பையும் ஒரு வாக்கியத்தில் சொன்னால் யாருடைய பென்ஷனிலும் ஒரு யூரோ குறையாது.