யார் யாருடன் இணைவது?

போர் ஓய்ந்த நாடுகளிலெல்லாம் புதுச் சொற்கள் சில வழக்கிற்கு வந்துவிடுகின்றன. நம் நாட்டிலே 'புனர்வாழ்வு' என்ற சொல் அவ்வாறு வந்தது. புனர்வாழ்வு பெற்றவர் சமூகத்துடன் மீள இணைக்கப்படுவார் என்பர். இக்கூற்றினுள் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கிறது. குறை, இணைக்கப்படுபவரிடமே உண்டு. அவரை ஏற்கும் சமூகமோ பழுதற்றது. இவ்வெண்ணத்தை ஆராயாது ஏற்பதற்கில்லை.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின், விடுதலைப் புலிகளின் அணியிலிருந்த சிறுவர் சிறுமியர் 594 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டனர். அவர்களுட் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலே மீண்டும் பாடநூலைக் கையிலெடுத்தனர். 2010 மே மாதமளவில் யாவரும் விடுவிக்கப்பட்டனர். நிர்வாகத்தைப் பொறுத்தவரை காரியம் அத்துடன் முடிந்தது. அன்று பதினாறு வயதினராயிருந்தோர் இன்று முப்பதைக் கடந்துவிட்டனர். அவர்கள் என் தலைமுறையினர்.

ஆயுதமேந்திய குழந்தையின் செயலுக்குப் பொறுப்பு யாருடையது? அக்குழந்தையை முதன்மையாகப் பாதிக்கப்பட்டவராகவே கொள்ளல் வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கோட்பாடுகள் கூறுகின்றன. சட்டத்திற்கு இது போதும், வாழ்க்கைக்குப் போதாது. பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்டவரும் உண்டு. தாமாகச் சென்றவரும் உண்டு. முப்பது வயதிலும் ஒருவரைப் 'பாவம், பாதிக்கப்பட்டவர்' என்றே அழைத்துக்கொண்டிருப்பதும் அவரது மனவுரிமையைப் பறிப்பதாகும். அனுதாபமும் ஒருவகை ஒதுக்கல்தான்.

பெண்களைப் பொறுத்தவரை அநீதி இரட்டிப்பாகிறது. ஆண் போராளியின் கடந்தகாலம் வீரமென்றோ குற்றமென்றோ பேசப்படும். பெண்ணின் கடந்தகாலமோ ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது. கட்டையாக வெட்டப்பட்ட கூந்தல் வளரும்வரை அவளை ஊர் உற்று நோக்கியது. கூந்தல் வளர்ந்த பின்னரும் கலியாணம் பேச வருவோர், "அந்த வருஷங்களில் பிள்ளை எங்கே இருந்தவ?" என்று கேட்கத் தவறுவதில்லை. சாதியும் சீதனமும் பார்க்கும் அதே கண்தான் இதனையும் பார்க்கிறது. யுத்தம் இக்கண்ணைப் படைக்கவில்லை. அது முன்னரே நம்மிடம் இருந்தது.

கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்ணின் நிலை வேறொன்று. மனைவியா, கைம்பெண்ணா என்பதை அவள் தீர்த்துச் சொல்லவேண்டுமென்று ஊர் எதிர்பார்க்கிறது. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் வேறொரு பேச்சு. இறந்தாரென்று கூறாது, காணப்படவில்லையென்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அவ்வளவிலே சட்டம் ஊரைவிட முன்னே சென்றிருக்கிறது எனலாம். ஆயினும் சான்றிதழ் பதிலாகிவிடாது. 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது பதிலையே. மறந்துவிட்டு வாழ்வைத் தொடங்குங்கள் என்று அவர்களுக்கு உபதேசிப்பவர், உண்மையில் தமது நிம்மதியையே கோருகிறார்.

பொருளாதாரத்தையும் சொல்லவேண்டும். தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சுகளும் கொடுத்தவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு சென்றனர். தைத்த சட்டையை வாங்கச் சந்தை இருக்கவில்லை. பின்னே வந்தன நுண்கடன் கம்பனிகள். வாரந்தோறும் படலையடியில் நின்று தவணை வசூலித்தனர். 2018ஆம் ஆண்டு, வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர வேண்டியதாயிற்று. தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்ணைச் சமூகம் இணைத்துக்கொண்டதோ இல்லையோ, வட்டி இணைத்துக்கொண்டது.

இவ்விடயத்திலே தமிழாசிரியர்களாகிய நமக்கும் ஒரு பங்குண்டு. ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாடலை நாம் பெருமிதத்தோடு விளக்குவோம். தமையனையும் கணவனையும் களத்திலே இழந்தவள், மறுநாள் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகிறாள். வாகைத் திணை, மூதின் முல்லைத் துறை என்று எழுதுவித்துவிட்டு அடுத்த பாடலுக்குச் செல்வோம். அச்சிறுவனின் சம்மதத்தைப் பற்றி நாம் கேட்பதில்லை. யுத்தத்தின் இறுதி ஆண்டுகளிலே வன்னித் தாய்மார் பலர் செய்தது இதற்கு நேர்மாறானது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகாதபடி பதுங்குகுழியிலும் பற்றைக்குள்ளும் ஒளித்து வைத்தனர். அத்தாய்மாரின் மறத்துக்கு நம் இலக்கணத்திலே துறை வகுக்கப்படவில்லை. பாடலை நீக்கவேண்டுமென்று நான் கூறவில்லை. அது பெரும் பாடல். ஆனால் இவ்விரு தாய்மாரையும் ஒரே பாடவேளையில் அருகருகே நிறுத்திப் பேசலாம். மாணவர் பேசட்டும் என்று விடலாம்.

இன்று அவ்வகுப்பிலே அமர்ந்திருப்போர் 2009க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுட் சிலரின் தாய்மாரே அன்று கூந்தல் வெட்டப்பட்ட சிறுமியர். தாய் எங்கே இருந்தாளென்பது வீட்டிலே இன்னும் பேசப்படாத செய்தி.