கீறல் என்ற ஒரு சொல்

ஒருவன் இன்னொருவனின் உடலைக் கத்தியால் கிழித்தால் சட்டம் அவனைச் சிறையில் அடைக்கிறது. அதே உடலைக் கத்தியால் கிழித்த வைத்தியரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். இவ்விரு செயல்களையும் வேறுபடுத்துவது எது?

நோக்கமே வேறுபடுத்துகிறது என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது பழைய விடையுந்தான். அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைக் குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில் பக்திக்கு உவமையாக்கினார். ஆனால், அந்த உவமை பொருந்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எது அறுக்கப்படுகிறது, எதற்காக அறுக்கப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரின் பொறுமையை அன்பென்று அழைக்கலாமா? இக்கேள்வியை நல்லதண்ணியில் ஒரு தாய் நம்முன் கொண்டுவந்து வைத்தார்.

சிவனொளிபாத மலையின் அடிவாரத்து ஊர் இது. யாத்திரைக் காலம் முடிந்து கடைகள் பிரிக்கப்பட்டதும் தேயிலையும் மழையுமே இங்கு எஞ்சும். கொழுந்தெடுக்கும் அந்தப் பெண் நம் மாணவி ஒருத்தியின் தாய். வைத்தியசாலையில் கொடுத்த துண்டைப் பிளாஸ்டிக் உறையில் மடித்துப் பாடசாலைக்குக் கொண்டுவந்திருந்தார். "கடைசிப் புள்ளைக்குப் பொறகு ஒன்னும் தங்கல சேர். இதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார.

துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. எல்.எஸ்.சி.எஸ். என்று நான்கு எழுத்துகள், அடுத்து ஒரு கூட்டற்குறி, பின்னர் எல்.ஆர்.டி. என்று மூன்று எழுத்துகள். முதல் நான்கும் கருப்பையின் கீழ்ப்பகுதியைத் திறந்து பிள்ளையை எடுத்ததைக் குறித்தன. அது அவருக்குத் தெரியும். அடுத்த மூன்றும் கருக்குழாய்களைக் கட்டி, ஒரு துண்டை அறுத்தெடுத்ததைக் குறித்தன. அது அவருக்குத் தெரியாது. "புள்ளைய எடுக்கச் சின்னதா ஒரு கீறல் போடணும்னாங்க. காட்டுன எடத்துல கையெழுத்து வச்சேன்" என்றார். அவருடைய உயிரைக் காத்தது அந்தக் கத்திதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'கீறல்' என்ற சொல்லுக்குள் இரண்டாவது வெட்டு ஒன்று மறைந்துபோயிற்று. வேண்டுமென்றே மறைத்திருக்கலாம்; விளக்கத் தமிழ் வராமல் விட்டிருக்கலாம். அவரைப் பொறுத்தவரை இரண்டின் விளைவும் ஒன்றே.

வைத்திய மொழி இவ்விடயத்தில் மிகவும் கறாரானது. கீறித் திறப்பதற்கு ஒரு சொல், வெட்டி அகற்றுவதற்கு வேறொரு சொல், துளைப்பதற்கு மற்றொரு சொல். சுசுருத சங்கிதை அக்காலத்திலேயே சத்திரக் கருமங்களை எட்டாக வகுத்தது. அடிவயிற்றில் குறுக்கே போடும் கீறலுக்கு, 1900இல் அதை விவரித்த ஜெர்மானிய வைத்தியர் ஃபன்னென்ஸ்டீலின் பெயர் இன்றும் வழங்குகிறது. வெட்டியவரின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. தழும்பைச் சுமப்பவருக்கோ, உள்ளே நடந்தது இன்னதென்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

தமிழில் சொல் இல்லையென்று யாரேனும் கூறுவாராயின், அவருக்கு மானிப்பாயை நினைவூட்டுவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் சத்திரசிகிச்சை நூலொன்றை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் தந்தார். மலையகத் தமிழரிடமும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கொழுந்து கிள்ளுவது வேறு, முற்றலை ஒடித்துக் கழிப்பது வேறு, கவ்வாத்து வெட்டுவது வேறு. கவ்வாத்துக் கத்தி எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் விழவேண்டும் என்று தேயிலைச் செடிக்கே கணக்கு வைத்திருக்கும் மக்கள் இவர்கள். இவர்களுடைய உடலில் விழும் வெட்டுக்கு மட்டும் 'சின்னக் கீறல்' என்ற விளக்கம் போதுமென்று தீர்மானித்தவர் யார்?

இத்தீர்மானத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுடைய மூதாதையரை நாடற்றவராக்கியது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அன்றாடக் கூலியில் வயிறு கழுவுபவர் அப்பணத்துக்காகக் கைநீட்டினால், அதைச் சம்மதம் என்பதா, வறுமை என்பதா? தமிழும் ஆட்சிமொழியாகும் என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் எழுதிவைத்தது. அந்த எழுத்து கட்டிலருகே வந்துசேர வேண்டாமா?

விளக்கினால் படிப்பறிவில்லாதவர் பயந்துவிடுவார் என்று சிலர் வாதிப்பர். நாஜி வைத்தியர்களை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம், மனிதர்மீது செய்யும் பரிசோதனைகளுக்கு 1947இல் வகுத்த விதிகளில் முதலாவது, விளங்கிக்கொண்டு தாமாக அளிக்கும் சம்மதத்தைப் பற்றியது. பரிசோதனைக்கு வேண்டிய அறம் சிகிச்சைக்கு வேண்டாமா? பயப்படுவதும் பயத்தைக் கடந்து முடிவெடுப்பதும் அந்தப் பெண்ணின் உரிமை.

வைத்தியர்களை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. போரில் பட்ட புண்ணை ஊசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் இருப்பதைப் பெருமையோடு கற்பிக்கிறோம். ஆனால் பாடப்புத்தகத்தில் கருப்பை என்ற சொல் வந்தால், மாணவிகள் முன் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அன்று அத்தாயிடம் உண்மையைச் சொல்ல வேண்டியபோது நமக்கும் நா எழவில்லை. முதலில் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று மழுப்பினோம். அவர் விடவில்லை, மறுபடி கேட்டார். குழாயைக் கட்டி அறுத்துவிட்டார்கள் என்று பிறகுதான் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. துண்டை மறுபடி உறைக்குள் வைத்தார். "விவரமா சொல்லியிருந்தா நானே சரின்னுகூட சொல்லியிருப்பேன் சேர். கேட்டிருக்கணும்ல?" என்றார்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை எந்த நூலிலும் தேடவேண்டியதில்லை. நல்ல நோக்கம் வைத்தியரிடம் இருக்கலாம், உடல் அவருடையதன்று. கேட்டு, விளக்கி, விடை பெற்ற பின்னரே கத்தி சிகிச்சைக் கருவியாகிறது. அந்த விடையைச் சொல்ல நம் மாணவிகளுக்குச் சொற்கள் வேண்டும். அவற்றை வகுப்பறையில் கூசாமல் உச்சரிப்பதிலிருந்து நம் கடமை தொடங்குகிறது.