பலியும் பரிவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் பூதலூர் வந்து எம்பெருமானைச் சேவிக்கும் ஆஸ்திக அன்பர்களில் சிலர், தீர்த்த ப்ரஸாதம் ஆனபின் அடியேனிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. கிராம தேவதைகளின் ஸந்நிதியில் கிடா வெட்டுகிறார்களே, பிற மதத்தினர் தங்கள் முறைப்படி அறுக்கிறார்களே, இவை தகுமா என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் புலால் உண்ணாதவர். ஆதலால் விடை தமக்கு அநுகூலமாகவே இருக்கும் என்ற நிச்சயத்தோடு கேட்கிறார். விடை அத்தனை ஸுலபமானதன்று.

முதலில் நம் அகத்திலிருந்தே தொடங்குவோம். வைதிக யாகங்கள் சிலவற்றில் விலங்கைப் பலியிடுதல் விதிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் அத்யாயம் முதற்பாதத்தில் பகவத் ராமாநுஜர் இதை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். ஆஹுதியாகும் விலங்கு மேலான கதியை அடைகிறது என்று சாஸ்த்ரம் கூறுவதால் அச்செயல் ஹிம்சையாகாது; சிறிது வலியை உண்டாக்கியேனும் நோயாளியைக் காக்கும் வைத்யனின் செயலைப் போன்றது அது என்பது அவர் நிர்வாஹம். இந்த த்ருஷ்டாந்தத்தை நிதானித்துப் பார்க்கவேண்டும். வைத்யன் கத்தி எடுப்பது நோயாளியின் க்ஷேமத்திற்காக. தன் பசிக்காக அல்ல. சாஸ்த்ர விதி என்னும் அரணுக்குள் நிற்க விரும்பும் எவரும், இதனால் நன்மை பெறுவது அந்த ஜீவனா, தாமா என்று முதலில் சொல்லியாக வேண்டும். எந்த மதத்தின் பெயரைத் தாங்கி வந்தாலும், இக்காலத்து இறைச்சி வியாபாரம் இவ்வளவுகோலில் தேறாது என்பது அடியேன் துணிபு.

மஹாபாரதத்தில், சாந்தி பர்வத்து நாராயணீயத்தில், உபரிசர வஸுவின் சரித்ரம் வருகிறது. 'அஜம்' கொண்டு யாகம் செய்க என்ற விதிக்கு ஆடு என்று தேவர்களும், தானிய வித்து என்று ரிஷிகளும் பொருள் கூறி வாதிட்டார்கள். மத்யஸ்தனாக வந்த வஸுவோ, தேவர்கள் பக்ஷம் இன்னதென்று தெரிந்துகொண்டு ஆடு என்றே தீர்ப்புரைத்தான். ஆகாயத்தில் ஸஞ்சரித்தவன் பூமியின் பிலத்தில் விழுந்தான். பின்பு நாராயணன் கருடனை அனுப்பி அவனை எடுத்தருளினான். இதே வஸு முன்பு விலங்கு எதையும் கொல்லாமல் அச்வமேதம் செய்தபோது, ஹரி தானே வந்து ஹவிர்பாகத்தை ஏற்றான் என்பதும் அங்கேயே உள்ளது. தர்மம் அறியாதவன் அல்லன் அவன், பக்ஷபாதத்தால் விழுந்தவன்.

அந்தப் பக்ஷபாதம் நமக்கும் வரக்கூடியதே. ஸ்விட்ஸர்லாந்தில் 1893-ஆம் ஆண்டு, மயக்கமுறச் செய்யாமல் விலங்கை அறுப்பதை மக்கள் வாக்கெடுப்பினால் தடுத்தார்கள். அதில் விலங்கின்பால் பரிவு எவ்வளவு, யூதர்பால் வெறுப்பு எவ்வளவு என்ற விவாதம் இன்றளவும் ஓயவில்லை. நம் மாநிலத்திலும் கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அதை 2003-இல் கண்டிப்பாக நிறைவேற்ற முற்பட்டபோது, கிராமத்து எளிய ஜனங்கள் மனம் நொந்தார்கள். 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட கிடா கடைத்தெருவில் தடையின்றி அறுபட்டது என்பதை அவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

கலாக்ஷேத்ரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி, மாநிலங்களவையில் இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 28-ஆவது பிரிவு, ஒரு மதம் விதிக்கும் முறையில் விலங்கைக் கொல்லுவது குற்றமாகாது என்கிறது. இதைக் கண்டு வருந்துவோர் உண்டு. ஆனால் அப்பிரிவு விலக்களிப்பது கொல்லும் முறைக்கு மட்டுமே. நெருக்கி அடைத்து வாகனத்தில் ஏற்றுவதற்கும், தண்ணீரும் தீனியும் மறுப்பதற்கும் எந்த மதத்தின் பெயராலும் அதில் இடமில்லை. அறுக்கும் க்ஷணம் சிறிது. சந்தையிலிருந்து லாரியில் கால் மடங்கி, வால் முறுக்கப்பட்டு, இரவெல்லாம் நின்றபடி போகும் வழியோ நெடிது. துன்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்று 2001-ஆம் ஆண்டு அறுவைக்கூட விதிகள் கூறுகின்றன. கத்தியைக் கூர்மையாக்கி விலங்கின் வேதனையைக் குறைக்கும்படி இஸ்லாமியர்களின் நபிமொழி பணிக்கிறது. யூதர்களின் கத்தியில் இம்மியளவு பிசிறும் இருக்கலாகாது. நம் கிராமங்களிலோ மஞ்சள் நீர் தெளித்து, ஆடு உடலைச் சிலிர்த்துக் கொடுத்தால்தான் உத்தரவு என்று காத்து நிற்கிறார்கள். கருப்பனுக்கு வெட்டும் வேளையில் ஐயனார் ஸந்நிதிக்குத் திரையிடும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. தெய்வம் காண விரும்பாது என்று வெட்டுபவனுக்கே தோன்றியிருக்கிறதே! அந்தக் கூச்சத்தின் வழியாகத்தான் அவனோடு பேசமுடியும். சட்டத்தைக் காட்டிப் பேசுவதால் ஆவதென்ன?

இனி, கேள்வி கேட்டவரிடம் ஒரு கேள்வி. மநு ஸ்ம்ருதி கொலையில் பங்குடையோர் எண்மர் என்று கணக்கிடுகிறது. வெட்டுபவனோடு, அநுமதிப்பவனும், விற்பவனும் அதில் சேர்த்தி. எம்பெருமானுக்குப் பால் திருமஞ்சனம் ஆகிறது. அக்காரவடிசில் பாலும் நெய்யுமாக அமுது செய்யப்படுகிறது. அப்பாலைத் தந்த பசு வற்றியபின் எங்கே நிற்கிறது? உழவும் வண்டியும் டிராக்டருக்குப் போனபிறகு, இந்தக் காவேரி நாட்டில் காளைக்கன்றுக்கு வேலை ஏது? தொழுவத்தில் அவிழ்த்த கயிறு சந்தையில் கைமாறுகிறது. அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. புலால் உண்ணாதவர் இந்த எண்மரில் தாம் இல்லையென்று எளிதில் சொல்லிவிட முடியாது.

கோதானம் செய்ய ஸங்கல்பித்திருக்கும் அன்பர்கள், கன்றோடு பசுவைக் கொடுப்பதோடு அதன் வயோதிகத்திற்கும் தீனிக்கு வகை செய்து கொடுக்கலாம். கொடுக்குமுன், மடி வற்றிய மாடுகள் எத்தனை இங்கே நிற்கின்றன என்று கொட்டிலில் போய் எண்ணிப் பார்க்கலாம். சம்பா அறுவடையானதும் கல்லணைக் கால்வாய்க் கரையோரம் இயந்திரம் சுருட்டிய வைக்கோற்கட்டுகள் லாரியேறி வெளியூர் போகின்றன. நிலமுடையவர்கள் அவற்றில் நாலு கட்டை இறக்கி வைத்தால், ஒரு கிழட்டு மாட்டுக்குச் சில நாள் தீனியாகும்.