தோற்பது குற்றமா?



தோல்வியை விரும்புகிறவர் எவருமில்லை. வென்றவனைத் தோளில் தூக்கிச் செல்லும் உலகம், தோற்றவனைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்கிறது. தோற்றவனும் ஏதோ களவு செய்து பிடிபட்டவன்போலத் தலை குனிந்து வீடு திரும்புகிறான். ஆனால் தோற்பது உண்மையிலேயே ஒரு குற்றமா? வெட்கம் வேறு, குற்றம் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் பழகியிருக்கிறோமா? இக்கேள்வியை ஒரு விளையாட்டு அணியின் வரலாற்றைக் கொண்டு சிந்திப்போம்.

அது அமெரிக்காவில், சிக்காகோ நகரத்து வைற் சொக்ஸ் என்னும் பேஸ்போல் அணி. நமக்கு அது தூரத்து அணிதான். ஆயினும் 2025 மே 8ஆம் திகதி பாப்பரசராகத் தெரிவுசெய்யப்பட்ட 14ஆம் லியோ அந்நகரில் பிறந்தவர். இந்த அணியின் நெடுங்கால இரசிகர். 2005ஆம் ஆண்டு அவ்வணி உலகத் தொடரில் ஆடியபோது, அகுஸ்தீனார் சபையின் தலைமை அதிபராயிருந்த அவர், பார்வையாளரிடையே அமர்ந்திருந்தது தொலைக்காட்சிப் படத்தில் பதிவாகியிருக்கிறது. பாப்பரசர் நேசிக்கும் அணி என்றால் வெற்றிமேல் வெற்றி கண்ட அணியாயிருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் அவர் தெரிவுசெய்யப்படுவதற்கு முந்திய ஆண்டில் அந்த அணி பெற்ற பெயரோ வேறு.

பேஸ்போல், நம்முடைய பிள்ளைகள் பாடசாலைகளில் ஆடும் எல்லே விளையாட்டை ஓரளவு ஒத்தது. பந்தை அடித்துவிட்டு, குறித்த நிலைகளைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். முதற்தர அணிகள் 30. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். ஆறு மாத காலம், அநேகமாக நாள்தோறும் ஆட்டம். ஆகையால் எவ்வளவு சிறந்த அணியும் அடிக்கடி தோற்கவே செய்யும். 2024இல் உலகத் தொடரை வென்ற லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜேர்ஸ் அணிகூட, அந்தப் பருவத்தில் 98 ஆட்டங்களை வென்று 64 ஆட்டங்களில் தோற்றது.

அதே பருவத்தில் வைற் சொக்ஸ் அணி வென்றவை 41, தோற்றவை 121. 1900ஆம் ஆண்டின் பின்னர் முதற்தர அணி எதுவும் ஒரே பருவத்தில் இத்தனை முறை தோற்றதில்லை. 1962இல் நியூயோர்க் மெற்ஸ் அணி கண்ட 120 தோல்விகளே அதுவரை மிகப் பெரிய எண்ணிக்கையாக இருந்தது. 2024 யூலை 10ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 5ஆம் திகதி வரை வைற் சொக்ஸ் அணி தொடர்ச்சியாக 21 ஆட்டங்களில் தோற்றது. மறுநாள் ஒக்லண்ட் நகரில் ஒரு வெற்றி கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து முகாமையாளர் பதவி நீக்கப்பட்டார். ஆனாலும் தோல்விகள் நிற்கவில்லை.

செப்ரெம்பர் மாதக் கடைசி வாரத்தில், 120 தோல்விகளோடு அவர்கள் சொந்த மைதானத்துக்குத் திரும்பினார்கள். இன்னும் ஒன்று தோற்றால் பழைய எண்ணிக்கை உடையும். அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கி இரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலின் நடுவே அவர்கள் மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றார்கள். பின்னர் 27ஆம் திகதி டெற்றோயிற் நகரில் 121ஆவது தோல்வி வந்தது. இனி எதைக் காப்பாற்ற ஆடுவது? அவப்பெயர் எழுதப்பட்டாயிற்று, அதை அழிக்க வழியில்லை. எஞ்சியிருந்தவை இரண்டே ஆட்டங்கள். அந்த இரண்டையும் அவர்கள் வென்றார்கள். அவ்வெற்றிகளால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆயினும் வென்றார்கள்.

இனி, அதே அணியின் வரலாற்றில் 105 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

1919ஆம் ஆண்டில் வைற் சொக்ஸ் நாட்டின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்று. அப்பருவத்தில் 88 ஆட்டங்களை வென்று, 52இல் மாத்திரமே தோற்று, உலகத் தொடருக்கு வந்தது. எதிரணி சின்சினாற்றி ரெட்ஸ். வைற் சொக்ஸே வெல்லும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 8 ஆட்டங்களில் 5ஐ வென்று ரெட்ஸ் அணி கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று. நடந்தது என்ன என்பது அடுத்த ஆண்டில் வெளிவந்தது. சூதாட்டக்காரரோடு சேர்ந்து, வேண்டுமென்றே தோற்பதற்கு வைற் சொக்ஸ் வீரர் சிலர் உடன்பட்டிருந்தனர். பந்துவீச்சில் தலைசிறந்தவரான எடி சிகொற், தாம் 10,000 டொலர் பெற்றுக்கொண்டதை 1920இல் ஒப்புக்கொண்டார்.

8 வீரர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. 1921 ஓகஸ்ட் 2ஆம் திகதி விசாரணைக்கு நின்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. மறுநாளே, விளையாட்டின் ஆணையாளராயிருந்த லன்டிஸ் அவர்கள் எண்மருக்கும் வாழ்நாள் முழுவதும் தடை விதித்தார். சட்டத்தின் முன் தப்பியவர்கள் விளையாட்டின் முன் தப்பவில்லை.

வாசகரே, இவ்விரண்டு பருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 121 தோல்விகள். மற்றதில் 88 வெற்றிகள், கடைசியில் 5 தோல்விகள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவன் 2024ஆம் ஆண்டையே அந்த அணியின் இழிவான ஆண்டு என்பான். மனச்சாட்சி அப்படிச் சொல்லுமா? 121 முறை தோற்றவர்களிடம் திறமை போதாமல் இருந்திருக்கலாம். 1919இல் தோற்றவர்களிடமோ திறமை நிறைய இருந்தது. அதை அவர்கள் விற்றுவிட்டார்கள். சம்பளத்துக்கு ஆடுபவர்கள்தானே, இதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். 1919இலும் சம்பளத்துக்குத்தான் ஆடினார்கள். தொழிலுக்குக் கூலி வாங்குவது ஒன்று. அத்தொழிலைக் காட்டிக்கொடுக்கக் கூலி வாங்குவது முற்றிலும் வேறொன்று.

தடை பெற்ற எண்மரில் பக் வீவர் என்பவரின் கதை நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. அவர் காசு வாங்கவில்லை. தொடர் முழுவதும் நன்றாகவே ஆடினார். ஆனால் சதி ஆலோசனை நடந்தபோது அவர் உடனிருந்தார். அறிந்ததை எவரிடமும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கும் தடை. தமது பெயரைத் துடைக்குமாறு அவர் பலமுறை விண்ணப்பித்தும் பயன் கிட்டவில்லை. 1956இல் அந்தத் தடையோடேயே இறந்தார். இத்தண்டனை மிகக் கடுமையானது என்று கருதுவோர் பலர். அது எப்படியாயினும், திருப்பலியின் தொடக்கத்தில் நாம் எதை அறிக்கையிடுகிறோம்? செய்த தீமையை மட்டுமா? செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் அல்லவா? களத்தில் நேர்மையாய் ஆடிய மனிதன் வாய் திறவாமையால் தவறினான். தோல்விக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாய்க் காட்டும் சாட்சி கிடைப்பது அரிது.

ஒரு செயலின் நன்மை தீமையை அதன் விளைவை மட்டும் கொண்டு அளக்கக் கூடாது என்பது நம் திருச்சபையின் பழைய போதனை. செய்வது என்ன, எந்த நோக்கத்தோடு, எந்தச் சூழ்நிலையில் என்பவற்றை நோக்க வேண்டும். விளைவு பெரும்பாலும் நம் கையில் இல்லை, மனவிருப்பமோ நம்முடையது. புனித தோமஸ் அக்குவினாஸ் திடம் என்னும் புண்ணியத்தைப் பற்றிப் போதிக்கையில், அதன் முதன்மையான செயல் பாய்ந்து தாக்குவதன்று, தாங்கி நிற்பதே என்கிறார். வெற்றி நெருங்கும்போது தாக்குவது எளிது. 121ஆவது தோல்விக்கு மறுநாள் காலையில் எழுந்து களத்துக்குப் போவதற்கே திடம் வேண்டும்.

அப்படியானால், முயன்றேன், முடியவில்லை என்று சொல்லி எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாமா? கூடாது. இங்கே நாம் அவதானமாயிருக்க வேண்டும். தாலந்து உவமையை நினைவுகூருங்கள். அங்கே கண்டிக்கப்பட்ட ஊழியன் வியாபாரம் செய்து நட்டப்பட்டவன் அல்லன். பயத்தினால் தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவனே கண்டனம் பெற்றான். ஆண்டவர் கணக்குக் கேட்பது நட்டத்துக்கன்று, புதைத்து வைத்ததற்கே. சோம்பலால் வந்த தோல்விக்கு நேர்மை என்று பெயர் சூட்டினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

மேலிருப்போரால் எளியோர்மேல் சுமத்தப்படும் தோல்வியும் உண்டு. 1899ஆம் ஆண்டில் கிளீவ்லண்ட் ஸ்பைடேர்ஸ் என்ற அணி 20 ஆட்டங்களை மட்டுமே வென்று 134இல் தோற்றது. காரணம் என்ன? அதன் உரிமையாளர்கள் செயின்ற் லூயிஸ் நகரிலும் ஓர் அணியை வாங்கி, கிளீவ்லண்டின் சிறந்த வீரர்களை அங்கே மாற்றிவிட்டனர். மிஞ்சியவர்கள் தோற்பதற்கென்றே விடப்பட்டவர்கள். களத்தில் தோற்றவர்கள் அவர்கள். குற்றமோ களத்துக்கு வெளியே இருந்தது. ஆகவே ஒருவன் தோற்றிருப்பதைக் கண்டால், அவனை ஏசுமுன், அவன் கையில் நாம் கொடுத்தது என்ன என்று கேட்பது நீதியாகும்.

இன்னுமொன்று. நேர்மையாய்த் தோற்றவனுக்குக் கடைசியில் வெற்றி நிச்சயம் என்று நாம் ஆறுதல் சொல்வதுண்டு. சிலருக்கு அப்படி நடக்கிறது. 120 முறை தோற்ற மெற்ஸ் அணி 7 ஆண்டுகள் கழித்து, 1969இல், உலகத் தொடரை வென்றது. வைற் சொக்ஸ் அணிக்கு அந்த ஆறுதலும் உடனே கிடைக்கவில்லை. 2025இல் அவர்கள் 60 ஆட்டங்களை வென்றார்கள், 102இல் தோற்றார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை, அடுத்த ஆண்டு வெல்வோம் என்ற எதிர்பார்ப்பு அன்று. இராயப்பர் இரவு முழுவதும் வலை வீசியும் ஒரு மீனும் அகப்படவில்லை. விடிந்தபோது அவர் ஆண்டவருக்குக் கொடுக்கக்கூடியதாய் இருந்தவை வெறும் வலையும் கீழ்ப்படிதலுமே. கல்வாரியும் உலகத்தின் கணக்கில் ஒரு தோல்விதான். அங்கே நின்ற அன்னை மரியாள் முடிவு எப்படியாகும் என்று கணக்குப் பார்த்து நிற்கவில்லை, அன்பினால் நின்றார்.

இவையெல்லாம் நம் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்? பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? எத்தனை புள்ளி என்பதா, நேர்மையாய்ப் படித்தாயா என்பதா? தோல்வியைக் குற்றமாக்கித் தண்டிக்கிற வீட்டில், பிள்ளை தோல்வியை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும், பின்னர் பொய் சொல்லும், அதன்பின் பார்த்தெழுதும். இப்படித்தான் குற்றமல்லாத ஒன்றுக்குப் பயந்து பிள்ளைகள் உண்மையான குற்றத்துள் விழுகிறார்கள். வியாபாரத்தில் நொடிந்த கணவனை, வேலை கிடைக்காத மகனை, திருமணம் தட்டிப்போன மகளை நாம் பார்க்கும் பார்வையும் இப்படிப்பட்டதா என்று சோதித்துப் பார்ப்போம்.

உண்மையான குற்றத்துள் விழுந்தவருக்கு வழி என்ன? 2025 மே 13ஆம் திகதி, வாழ்நாள் தடை இறப்போடு முடிகிறது என்று பேஸ்போல் ஆணையாளர் தீர்மானித்தார். அதன்படி 1919ஆம் ஆண்டு வீரர்களின் பெயர்கள் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. ஏறக்குறைய 104 ஆண்டுகள் சென்றன. எண்மரில் ஒருவரும் அதைக் கேட்க உயிரோடிருக்கவில்லை. விளையாட்டு இறந்தபின் தடை நீக்கியது. ஆண்டவரோ நாம் உயிரோடிருக்கும்போதே, மனம் வருந்தி வரும் அன்றைக்கே மன்னிக்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எவரும் 104 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

2025 யூன் மாதத்தில், வத்திக்கானில் தம்மைக் காண வந்தோர் மத்தியில், பாப்பரசர் லியோ வைற் சொக்ஸ் தொப்பியை அணிந்து நின்றார். முந்திய ஆண்டில் 121 முறை தோற்ற அணியின் தொப்பி அது. தோற்றுவிட்டார்கள் என்பதற்காக அவர் அதைக் கழற்றி வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இன்று தோற்றுத் திரும்பும் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம், வென்றாயா என்று கேட்குமுன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இரவில் செபம் சொல்லிப் படுக்குமுன், இன்று நான் வென்றேனா என்பதை விட்டு, இன்று நான் எதையாவது விற்றேனா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்று மனச்சாட்சி சொன்னால், எத்தனை தோல்வி வந்திருந்தாலும், நிம்மதியாய் உறங்குங்கள். நாளைக்கும் ஆட்டம் உண்டு.