காசு கொடுப்பவர் கையில்தான் கடிவாளம்

யாலவில் சிறுத்தை பார்க்கவும் மின்னேரியாவில் யானை பார்க்கவும் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கவும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களே, புறப்படும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே நடக்கிற அநியாயத்தை வளர்க்க உங்கள் பணம் போகப் போகிறதா, அதைத் தடுக்கப் போகப் போகிறதா? நடுவில் நின்று வேடிக்கை பார்க்க இடமில்லை. பற்றுச்சீட்டு வாங்கிய கணமே நீங்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறீர்கள்.

அநியாயம் என்ற சொல் கடுமையாகப் படலாம். விடிந்தும் விடியாமலும் யாலவின் பலட்டுபான வாசலில் வரிசை கட்டி நிற்கும் ஜீப்புகளை ஒருமுறை பார்த்தால் அப்படித் தோன்றாது. யாலவின் முதலாம் வலயம் ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர் பரப்புத்தான். உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் காடுகளில் அதுவும் ஒன்று. ஒரு சாரதியின் கண்ணில் சிறுத்தை பட்டதும் கைபேசியில் செய்தி பறக்கிறது. மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக்கூடாத மண்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு எல்லா வண்டிகளும் ஓரிடத்துக்குப் பாய்கின்றன. குறுக்கே வரும் முயலோ மானோ ஆமையோ யார் கண்ணிலும் படுவதில்லை. பாறையில் படுத்திருந்த விலங்கு எழுந்து போக வழியில்லாமல் பத்துப் பதினைந்து வண்டிகள் அதை வளைத்து நிற்கின்றன. அதன் பெயர் காடு பார்ப்பதா?

ஊர் திரும்பியதும் "அங்கத்தைச் சாரதிகள் சரியில்லை" என்கிறோம். சாரதியை யார் விரட்டினார்கள்? திஸ்ஸமகாராமப் பக்கத்து இளைஞர் அவர். வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். செப்டெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சிக்காகப் பூங்காவை மூடுவது வழக்கம்; அந்த நாட்களுக்கும் சேர்த்து இப்போதே உழைக்க வேண்டும். பின் இருக்கையில் இருப்பவர் முகம் வாடினால் கைக்காசு குறையும், நாளைக்கு வரவேண்டிய வாடிக்கையும் போகும் என்று அவருக்குத் தெரியும். "இன்னும் சிறுத்தை வரலையே?" என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் கால் தானாக அழுத்துகிறது. மிதிப்பவர் அவர், மிதிக்கச் சொல்பவர் நாம்.

ஆகவே வண்டி கிளம்பும் முன்பே வாய் திறந்து சொல்லுங்கள்: "சிறுத்தை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தம்பி. ஓட வேண்டாம். தெரிந்தால் தள்ளியே நிறுத்துங்கள். உங்களுக்குத் தர வேண்டியதில் ஒரு ரூபா குறையாது." சிங்களம் தெரியாதவர்கள் "ஹெமின் யன்ன", அதாவது மெதுவாகப் போங்கள், என்று சொன்னால் போதும். சொன்னபடி நடந்தால் வழக்கத்தைவிடக் கூடவே கொடுங்கள். ஓட்டியதற்குப் பணம் கொடுத்தால் ஓட்டம் வளரும். நிறுத்தியதற்குக் கொடுத்தால் நிறுத்தம் வளரும்.

மின்னேரியாவிலும் இதே கதைதான். மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளத்தின் நீர் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் வற்றும்போது கரையில் இளம்புல் முளைக்கிறது. அதைத் தேடிச் சுற்றுக் காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் யானைகள் வந்து கூடுகின்றன. காட்டுக்கும் நீருக்கும் நடுவே வண்டியை நிறுத்தினால் குட்டியோடு வரும் தாய் எங்கே போவாள்? காதை விரிப்பதும், தும்பிக்கையை உயர்த்துவதும், முன்காலை ஆட்டியபடி நிற்பதும், சில அடி ஓடிவந்து நிற்பதும் நமக்குக் காட்டும் வித்தையென்று நினைத்துக் கைதட்டுகிறோம். அவள் பதறிப்போய் "விலகு" என்கிறாள். அந்த நொடியில் ஒளிப்படத்தைக் கேட்காதீர்கள். வண்டியைப் பின்னே எடுக்கச் சொல்லுங்கள்.

கடலில் இன்னும் கவனம் தேவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவிலிருந்து போகும் படகுகள் தேடுவது நீலத் திமிங்கிலத்தை. தெவுந்தர முனைக்கு அப்பால் உலகின் பெரும் கப்பல் பாதைகளில் ஒன்று கிடக்கிறது. அந்த இரும்புப் போக்குவரத்துக்கு நடுவே இரை தேடும் உயிர் அது. மேலே வருவது மூச்சு வாங்க. அந்தச் சில நிமிடங்களில் நாலா பக்கமும் இயந்திரங்கள் உறுமினால் முழுதாக மூச்சு வாங்காமலே மூழ்குகிறது. 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. படகு ஏறும் முன் "அந்தத் தூரத்தில் நிற்பீர்களா, முன்னால் குறுக்கே போகாமல் இருப்பீர்களா?" என்று கேளுங்கள். "கிட்டவே கொண்டுபோய்க் காட்டுகிறோம்" என்று பெருமை பேசுபவரிடம் ஏறாதீர்கள். திமிங்கிலத்தோடு நீந்த வைக்கிறோம் என்பவரை ஒரேயடியாக விலக்குங்கள்.

உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. குஞ்சு பொரித்து வெளிவந்ததும், வயிற்றில் மிச்சமிருக்கும் கருவுணவின் பலத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடல் சேர வேண்டும். அந்தப் பலத்தைத் தொட்டியில் சுற்றிச் சுற்றி வீணாக்க வைத்து, சுற்றுலாப் பயணி கையால் விடுவதற்காகப் பகல் வெயிலில் எடுத்துக் கொடுக்கும் நிலையங்கள் தென்கரையில் உண்டு. குழந்தை ஆசைப்படுகிறதென்று போகிறோம். குழந்தைக்கு வேறு ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். ரெக்கவ போன்ற கரைக்கு இரவில் போய், விளக்கும் பிளாஷும் இல்லாமல், காவலர் சொல்லும் இடத்தில் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். ஆமை வராமல் போனால் வராத இரவையும் ஏற்றுக்கொள்ளக் கற்கட்டும்.

நீலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே முருகைக்கற்கள் மேல் கால் ஊன்றி நிற்பவர்கள் கல் என்று நினைத்து உயிரை மிதிக்கிறார்கள். நீந்தத் தெரியாவிட்டால் மிதவை அங்கி கட்டுங்கள். இல்லையென்றால் கரையிலேயே இருங்கள்.

இனி நம்மவருக்கு மட்டும் ஒரு பேச்சு. கதிர்காமம் போகிறவர்களில் எத்தனையோ பேர் புத்தல வழியில் யானைக்கு வாழைப்பழம் நீட்டுகிறோம். உடவளவை வேலியோரத்திலும் இதுவே நடக்கிறது. பிள்ளையார் நினைப்பில் செய்யும் புண்ணியம் என்று மனசு சொல்லும். பழம் தின்று பழகிய யானை வண்டிகளை மறிக்கிறது. கொடுக்காதவரின் கதவை உடைக்கிறது. ஒரு நாள் ஆள் சாகிறது. பிறகு யானையும் சாகிறது. அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் மனிதர்–யானை மோதலில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் அதைவிட அதிகமான யானைகளும் மாண்டிருக்க, அந்தக் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்கப் பழம் கொடுக்க வேண்டுமா? செல்வச் சந்நிதியிலிருந்து நடந்து, உகந்தை முருகனை வணங்கி, குமண, யாலக் காடுகளைக் கடந்து கதிர்காமம் சேரும் பாதயாத்திரை மரபு நம்முடையது. அந்தக் காட்டு வழியில் தண்ணீர்ப் போத்தலையும் பொலித்தீனையும் போட்டுவிட்டு வேலனிடம் வரம் கேட்கப் போகும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். விரதத்தில் அதையும் சேருங்கள்.

மனிதரிடத்திலும் இதே அறம் வேண்டும். கொக்கலவில் கழியில் அமர்ந்து மீன்பிடிப்பவர்களில் பலர் இன்று ஒளிப்படத்துக்காகவே அமர்கிறார்கள். மீனைவிட நம் காசு நிச்சயமானதாகிவிட்டது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. மலையகத்துக்குப் போனால் கொழுந்து பறிப்பவர் நம் மொழி பேசுகிறவர். தூரத்திலிருந்து கமெராவை நீட்டுவதற்கு முன் கிட்டப் போய் "வணக்கம் அக்கா, ஒரு படம் எடுக்கட்டுங்களா?" என்று கேட்க என்ன தடை? நிறை பார்த்துச் சம்பளம் கணக்காகும் வேலையில் அவர் இருக்கிறார், நேரத்தை வீணாக்காதீர்கள். வேண்டாம் என்றால் கமெராவை இறக்குங்கள். சிங்கராஜவில் ஊர் வழிகாட்டியோடு நடங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலைப் போடச் சொல்லாதீர்கள். அந்தப் பறவை பொய்க் குரலுக்கு அலைந்து தன் வேளையை இழக்கும். ஊர் வீட்டில் தங்கினால் அவர்கள் சமைப்பதை உண்ணுங்கள். கேட்ட விலையில் பத்து ரூபாவுக்குப் பேரம் பேசாதீர்கள்.

"நான் ஒருவன் திருந்தி என்ன ஆகப்போகிறது?" என்பார்கள். சட்டம் இருக்கிறது, வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது, எல்லா வண்டிக்கும் ஒரு காவலரை ஏற்ற ஆளில்லை. ஆனால் பயணி ஏறாத வண்டி ஒன்றுகூட இல்லை. காவல் வேலையை நீங்கள் ஏற்றால் அத்தனை ஜீப்புக்கும் அத்தனை படகுக்கும் ஆள் கிடைத்துவிடுகிறது.

"நாடு 2022இல் பொருளாதார நெருக்கடியில் பட்ட பாட்டுக்கு வருகிற டொலரைத் தடுக்கலாமா?" என்றும் கேட்பார்கள். 2024இல் வந்த வெளிநாட்டவர் 20 இலட்சத்தைத் தாண்டினர். அவர்களை வராதே என்று யாரும் சொல்லவில்லை. சிறுத்தை பாதையோரத்தை விட்டு விலகிப்போன யாலவுக்கும், திமிங்கிலம் ஒதுங்கிப்போன மிரிஸ்ஸவுக்கும் நாளை யார் வருவார்? அன்றைக்குத் தவணை கட்ட முடியாமல் நிற்பவரும் அதே சாரதிதான். அவர் பிழைப்பைக் காப்பதற்கும் அவரை மெதுவாகப் போகச் சொல்வதுதான் வழி.

ஆகவே தள்ளிப்போடாதீர்கள். இன்று முன்பதிவு செய்யும்போதே "தூரம் காப்பீர்களா?" என்று எழுதிக் கேளுங்கள். ஆம் என்பவருக்கே பணம் அனுப்புங்கள். விதி மீறினால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்; சொல்லியும் கேட்காவிட்டால் வாசலில் இருக்கும் அதிகாரியிடம் வண்டி எண்ணைக் கொடுங்கள். ஒழுங்காக நடந்தவரைப் பத்துப் பேரிடம் புகழுங்கள். கடிவாளம் உங்கள் கையில் இருக்கிறது. இழுத்துப் பிடியுங்கள்.