விடுபட்ட பெயர்



மரித்த விசுவாசிகளின் மாதமாகிய நவம்பர் பிறந்துவிட்டால் எமது காரியாலயத்துக்கு இரு சாரார் வருவார்கள். மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் கொடுக்க வருபவர்கள் ஒரு சாரார். பழைய மரண அறிவித்தல்களைத் தேடி வருபவர்கள் மறு சாரார். அண்மைக் காலத்தில் இந்த இரண்டாம் சாராரின் தொகை கூடியிருக்கிறது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள், "ஃபாதர், எங்கள் பூட்டன் யார், எந்த ஊர், எந்தக் கோவில்?" என்று கேட்டு நிற்கிறார்கள். உள்ளூரில் இருக்கும் எம்மில் எத்தனை பேருக்குப் பூட்டனின் பெயர் தெரியும் என்பது வேறு கேள்வி.

சென்ற வருடம் வந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அவள் கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை. அதற்குள் அறுபதுகளில் வெளியான ஒரு மரண அறிவித்தலின் நறுக்கு. அவளுடைய அம்மம்மா இறந்தபின் அவரது செபப்புத்தகத்துக்குள் இருந்து எடுத்ததாம். "இது யார் என்று அம்மாவுக்கும் தெரியாது, ஃபாதர். அம்மம்மா ஒருநாளும் சொல்லவில்லை" என்றாள்.

எங்கள் யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு சிறிய வம்ச வரலாறு. பிறப்பிடம் ஓர் ஊர், வதிவிடம் ஓர் ஊர் என்று முதல் வரியே இரண்டு பங்குகளைக் காட்டிவிடும். 'காலஞ்சென்ற' என்ற ஒரு சொல், அந்தத் திகதிக்கு முன் யார் யார் கண்மூடினர் என்பதைச் சொல்லும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மாமனார், இன்னாரின் சகலன் என்று போகும் அடுக்கில் பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் வந்துவிடும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் தவறவிடாதீர்கள். ஒருவர் ஆசிரியை, ஒருவர் புகையிரதப் பகுதி, ஒருவர் மலாயா என்று குடும்பம் சிதறிய வழி அங்கேதான் இருக்கும். கடைசி வரியில் எந்தக் கோவிலில் திருப்பலி, எந்தச் சேமக்காலையில் அடக்கம் என்று இருக்கும். சேமக்காலை தெரிந்தால் பங்கு தெரியும். பங்கு தெரிந்தால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் இடம் தெரியும். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர் கிடைத்தால் இன்னும் பாக்கியம். எமது சைவ சகோதரர்கள் அதைக் 'கல்வெட்டு' என்பார்கள். நல்ல பெயர். பல மலர்களில் வம்சாவளியே ஒரு பக்கமாக இருக்கும்.

ஆனால் இவற்றை எங்கே போய்த் தேடுவது? 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய 'உதயதாரகை', 1876 இல் கத்தோலிக்கருக்கென வந்த 'சத்தியவேத பாதுகாவலன்', 1889 இல் வந்த 'இந்து சாதனம்', 1930 முதல் 1958 வரை வெளிவந்த 'ஈழகேசரி', 1959 இல் ஆரம்பித்த 'ஈழநாடு' என்று இச்சிறு குடாநாட்டில் பத்திரிகைகளுக்குக் குறைவிருக்கவில்லை. காத்து வைத்த இடங்களுக்குத்தான் கேடு வந்தது. 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. சுவடிகளுக்காக அன்று அழுதோம். எவருடைய அம்மம்மாவின் பெயரோ இருந்த பழைய பத்திரிகைத் தாளுக்காக அழ எமக்குத் தோன்றவில்லை. பின்னர் 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, றங்குப் பெட்டியைத் தூக்க முடியாமல் விட்டுச் சென்றவர்கள் எத்தனை பேர்! தொண்ணூறுகளில் அச்சுத்தாள் இன்றிப் பள்ளிக் கொப்பித் தாளில் பத்திரிகை வந்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் மரண அறிவித்தல் கேட்டதையும் என் வயதொத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தத் தாள்களும் இன்று தொட்டால் உதிர்கின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் பழைய பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி, எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். அது பெரிய தர்மம்.

பபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்களைப் பற்றி எஸ்ரா ஆகமத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. குருக்களின் வழிவந்தோம் என்று சொல்லிக்கொண்ட சிலர் தம் பெயரைத் தலைமுறைப் பதிவேடுகளில் தேடினார்கள், காணவில்லை, குருத்துவப் பணியிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு இந்தப் பகுதி விளக்கம் இல்லாமலே விளங்கும்.

அந்தப் பிள்ளையை நறுக்கில் குறித்திருந்த பங்குக்கு அழைத்துச் சென்றேன். பங்குத் தந்தை அனுமதி தந்தார். இங்கே தேடுகிறவர்களுக்கு ஒரு புத்திமதி. ஐரோப்பியர் போல் எமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயரே பிள்ளைக்கு முன்னெழுத்து. ஆகவே தலைமுறைக்கு ஒரு பெயர் மாறும். இன்று வெளிநாட்டில் ஒரு வீட்டாரின் குடும்பப் பெயராக இருப்பது, இங்கே ஒரு தாத்தாவின் சொந்தப் பெயராக இருந்திருக்கும். அதற்கு மேல், அக்காலக் குருவானவர்கள் லத்தீனில் எழுதினார்கள். இராயப்புவைத் தேடுபவர் பேத்துருஸ் என்று பார்க்கவேண்டும். சின்னப்பு பௌலுஸ் ஆவார். அருளப்பு யோவான்னெஸ் ஆவார். முடியப்பு ஸ்தெபானுஸ் ஆவார். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் ஆவார். திருமறையில் சேர்ந்தபோது பெயர் மாறியோரும் உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1875 இல் வைத்திலிங்கமாகப் பிறந்தவர் அல்லவா?

இரண்டு மணித்தியாலம் தேடினோம். நறுக்கில் இருந்த பெரியவரின் பெயர் கிடைத்தது. அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானங்களும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. மரண அறிவித்தலில் பிள்ளைகள் நால்வர். பதிவேட்டில் ஐவர். ஐந்தாவது பிள்ளையின் பெயருக்கு நேரே, ஓரத்தில், வேறொரு மையில் சிறு குறிப்பு: இன்ன ஆண்டு, இன்ன கோவிலில், இன்னாரை விவாகம் செய்தாள். 1908 முதல் விவாகத்தை ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்திலும் குறிக்கவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். அந்தக் குறிப்பில் இருந்த மாப்பிள்ளையின் பெயரைப் படித்ததும் அவள், "இது என் அம்மப்பா" என்றாள்.

ஏன் அந்த மகளின் பெயரைத் தகப்பனின் மரண அறிவித்தலில் சேர்க்கவில்லை என்று நான் விளக்கவேண்டியதில்லை. மாப்பிள்ளையின் ஊரை அறிந்ததும் பங்குத் தந்தை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தவர்களாகிய உங்களுக்கும் விளங்கியிருக்கும். வீட்டார் சாதி பார்த்து அந்தப் பிள்ளையை நறுக்கிவிட்டார்கள். அவளோ, தன்னை விட்டுவிட்ட அந்த அறிவித்தலையே வெட்டியெடுத்து, கடல் கடந்த பின்பும் சாகும்வரை செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

அன்பர்களே, மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நாம் சலிப்போடு கேட்பதுண்டு. வாசிக்கிற குருவானவரும் மூச்சு வாங்குவார். ஆனால் அந்த அட்டவணையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அது முழுமையான அட்டவணை அல்ல. யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாசு, அமட்சியா என்ற மூன்று அரசர்களை மத்தேயு விட்டுவிட்டார். பதினான்கு பதினான்காக எண்ணுவதற்கு இடம் போதாமல் விட்டார் என்பார்கள். அரசர்களை விட்டவர் யாரை விடவில்லை? மாமனாரிடம் பிள்ளை பெற்ற தாமாரை விடவில்லை. எரிக்கோவின் விலைமகள் இராகாபை விடவில்லை. மோவாபு நாட்டு அந்நியப் பெண் ரூத்தை விடவில்லை. தாவீது செய்த பாவம் மறந்துபோகாதபடி உரியாவின் மனைவியையும் விடவில்லை. எங்கள் வீடுகளில் அறிவித்தல் எழுதுகிறவர்களிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் மூன்று அரசர்களும் பட்டம் பதவியோடு இருந்திருப்பார்கள். அந்த நால்வரும் போயிருப்பார்கள்.

வம்ச வரலாறு தேடுவது நல்லது. ஆனால் முடிவில்லாத வம்ச அட்டவணைகளில் சிக்கிக்கொள்ளவேண்டாம் என்று சின்னப்பர் திமொத்தேயுவை எச்சரித்ததும் வீணுக்கல்ல. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டின் பழைய மரண அறிவித்தல்களைத் தேடியெடுத்து, யார் யாரோடு சம்பந்தம் செய்தார்கள் என்று தூண்டிப் பார்ப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களும் எம் காரியாலயத்துக்கு வருகிறார்கள். வேறு காரணம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இதில் திருச்சபையையும் நான் தப்பவிடமாட்டேன். கோவிலில் இருக்கும் இடத்தையும் சேமக்காலையில் கிடக்கும் இடத்தையும் சாதி பார்த்துப் பிரித்த காலம் எமக்கும் இருந்தது. தகப்பன் பெயர் தெரியாத குழந்தையை அப்படியே லத்தீனில் எழுதி ஆயுளுக்கும் முத்திரை குத்திய பதிவேடுகளும் எமதுதான். ஆனாலும் எழுதிய பெயரை அடிக்கவில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவைக் கண்டுபிடித்தாள்.

மரண அறிவித்தலே போடாத வீடுகளைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. 2006 ஓகஸ்ற் மாதம் அல்லைப்பிட்டிப் பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அவரைப் போல் திரும்பி வராதவர்களைப் பெற்ற தாய்மார் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, மரண அத்தாட்சிப் பத்திரத்துக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெற வழி செய்யப்பட்டது. பல தாய்மார் அதையும் தொடவில்லை. நாளை அந்தக் குடும்பத்தின் கதையைப் பத்திரிகையில் தேடும் பேரப்பிள்ளைக்கு அந்த மாமனின் பெயர் எந்தப் பக்கத்திலும் அகப்படாது. பாட்டியோ அண்ணனின் நினைவு மலரில் 'காலஞ்சென்ற' என்ற சொல்லைத் தம்பிக்கு முன்னால் போடவிடமாட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோருக்கான பூசைப் பட்டியலுக்கு உறை கொண்டு வருவார். கணவன், தாய், தகப்பன், தமையன் என்று வரிசையாகப் பெயர்கள். மகனின் பெயர் அதில் இராது. "அவனை உயிரோட இருக்கிற ஆக்களுக்கான பூசையில சொல்லுங்கோ, சுவாமி" என்பார். பதினாறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆரம்பத்தில் ஆறுதலாகப் பேசி அவரை மாற்றலாம் என்று எண்ணினேன். குருமடத்தில் படித்த நியாயங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. இப்போது அவர் சொல்கிற பக்கத்தில் எழுதுகிறேன்.

கனடாப் பிள்ளை புறப்படுமுன் அவளும் ஓர் உறை தந்தாள். பூட்டனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு திருப்பலி. "உங்கள் அம்மம்மாவை ஒதுக்கியவருக்கா?" என்று கேட்க வாய் எடுத்து, கேட்கவில்லை. உறையின் மேல் அவள் பெரியவரின் பெயரையும், கீழே பிள்ளைகளின் பெயர்களையும் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள். ஐந்து பெயர்கள் இருந்தன. திருப்பலியில் ஐந்தையும் வாசித்தேன்.