கடல் தீண்டிய கல்

காலம் அழிக்கும் என்பர். காலமே கனிவிக்கும் என்றும் கூறுவர். இவ்விரண்டில் எது உண்மை என்பதைச் சிந்திக்க, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலினும் சிறந்த இடம் வேறில்லை.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய கோயில் அது. அலைத் துளிகளைச் சுமந்து வரும் காற்று கல்லின் நுண்துளைகளில் உப்பைச் சேர்க்கிறது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகிப் பருக்கிறது. கல்லின் மேற்பரப்பு துகள் துகளாக உதிர்கிறது. சிங்கத்தின் பிடரியும் தெய்வத்தின் முகமும் மழுங்குகின்றன. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கின்றனர். பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்துள்ளனர். சவுக்கு மரங்களை நட்டுள்ளனர்.

ஆயினும் கடலைப் பகையென்று மட்டும் கூறிவிட இயலுமோ? 2004 திசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை, எண்ணற்ற உயிர்களைக் குடித்த அதே வேளையில், அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் கல்வெட்டொன்றை வெளிப்படுத்தியது. நாம் வாழும் இம்மராட்டிய மண்ணையும் தம் ஆட்சியிற் கொண்டிருந்த இராட்டிரகூடரில் மூன்றாம் கிருட்டிணன் காலத்தது அது. அதன் வழியே அகழ்ந்தபோது, மணலுக்கடியில் பழைய முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. கடலருகே கிடந்த மணல், காற்று தின்றிருக்கக்கூடியதைக் காத்து வைத்திருந்தது. எனவே கடலுக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. அறம் பற்றிய வினா நம்மிடமே எழுகிறது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். ஆங்கிலேயச் சிற்பி சேசன் டி கேர்சு டெய்லர் 2006 முதல் கிரெனடா, மெக்சிகோ முதலிய நாடுகளின் கடலடியில் சிற்பங்களை நிறுவி வருகிறார். பவளமும் பாசியும் அவற்றின் முகங்களை மூடி, மீன்களுக்கு உறைவிடமாக்குகின்றன. அவர் சிற்பம் கடலால் நிறைவு பெறுகிறதெனில், பல்லவன் சிற்பத்தையும் கடலுக்கே விட்டுவிடலாகாதோ?

விடலாகாது. டெய்லர் தம் படைப்பைத் தாமே கடலுக்கு ஈந்தார். மாமல்லபுரத்துச் சிற்பி அவ்வாறு ஈந்தாரல்லர். தன் பொருளைத் துறப்பது துறவு. பிறர் பொருளைத் துறப்பது பொறுப்பின்மை. மாற்றலாகிச் செல்லும் எழுத்தர், முன்னவரிடம் பெற்ற கோப்புகளை எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். கோப்பு அவருடையதன்று, எனினும் அதைக் கறையானுக்கு விட அவருக்கு உரிமையில்லை. கார்லாக் குகையைக் காணச் செல்லும் புணேவாசிகளாகிய நமக்கும் இது பொருந்தும்.

ஆனால் காவலுக்கும் எல்லை உண்டு. மழுங்கிய முகத்தை மீண்டும் செதுக்கினால் எஞ்சுவது நம் முகமே; பல்லவன் கண்ட முகமன்று. ஓரிடத்தில் இடும் தடுப்பு மற்றோரிடத்துக் கரையை அரிக்கவும் கூடும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதன் தெற்கே மெரீனா மணல் விரிந்தது. வடக்கே இராயபுரக் கரை தேய்ந்தது. கல்லைக் காக்கும் பொருட்டு மீனவர் குடிசையை அலைக்கு ஈவது அறமாகாது. கோயிலைக் காப்போர் அக்கரையையும் சேர்த்தே அளந்து பார்த்தல் வேண்டும்.

பெற்றதை இயன்றவரை காத்தல், காலம் கொண்டதைப் பொய்யாக நிரப்பாதிருத்தல், காவலின் சுமையை எளியோர் மேல் ஏற்றாதிருத்தல் ஆகிய மூன்றும் கூடியதே மரபுக்கு நாம் செய்யும் கடமை. நம் முன்னோர் மொழியையும் நாம் இவ்வாறே காத்து ஒப்படைப்போமாக.